கேள்வி–பதில்: பழைய ஸ்டீரியோவை மாற்றலாமா?

கேள்வி: 2001-ல் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப், சேனலுக்கு 40 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறன்). கூடவே 8 இஞ்ச் ஊஃபர் (பாஸ் தரும் பெரிய டிரைவர்) வைத்த இரண்டு ஸ்பீக்கர். இப்போது பாஸ் சுத்தமாகக் குறைந்துவிட்டது. வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. 'இதைப் போட்டுவிட்டு 100 வாட் செட்டாக எடுங்கள்' என்கிறார் கடைக்காரர். 40,000 ரூபாய் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றி ஊஃபரைப் பாருங்கள். நடுவில் அசைகிற கூம்புதான் கோன்; அதன் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ஃபோம் என்றால் 15, 20 வருஷத்தில் பிசுபிசுத்து, விரல் பட்டாலே உதிரும். ஈரக்காற்று உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். வளையம் கிழிந்த ஊஃபரில் பாஸ் வராது. கோன் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் முதலில் கோனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பிச்சுருளை, அதாவது காயிலைச் சோதித்துவிடுங்கள். செட்டை அணைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்பினால் காயில் நலம். சொரசொரவென்று உரசினால் ரீகோன் வேலை, அதாவது கோனையும் காயிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு ஊஃபரையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் ஒலிக்காது.

வளையம் ரப்பராக இருந்து நன்றாகவும் இருந்தால், ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி மாட்டியதில் ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். அப்படியானால் ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பாஸ் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றி, ஆம்பின் சிவப்பு முனையில் இருந்த வயரில் பிளஸ், கறுப்பு முனையில் இருந்ததில் மைனஸ் என்று 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். இரண்டு ஊஃபரும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

கரகரப்பு, வால்யூம் கன்ட்ரோலுக்குள் படிந்த அழுக்கு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேளுங்கள்; துரு நீக்கும் ஸ்பிரே, தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம். மூடியைத் திறக்கிற வேலை என்பதால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டரில் கரன்ட் நிற்கும்.

இனி அந்த 100 வாட். 40-லிருந்து 100-க்குப் போனால் கிடைப்பது 4 டெசிபல், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 400 வாட் ஆகும். கூடத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரண்டு வாட்டே அதிகம். விளம்பரத்தில் பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்சம் என்று ஊதிப் போடும் வாட் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை எது? காயிலும் கோனும் சேர்ந்து போய், ரீகோன் செலவு புது ஸ்பீக்கர் விலையைத் தொட்டால் ஸ்பீக்கரை மாற்றுங்கள், ஆம்பை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புக்குள் ஒலியைப் பெருக்கும் எஸ்டிகே வகை ஐசி இருந்து அது எரிந்துவிட்டால் ஆம்பை மாற்றுங்கள். சந்தையில் கிடைக்கும் அந்த ஐசியில் போலி நிறைய. இன்று போட்டது அடுத்த மாதம் போய், ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

எது வாங்குவதற்கு முன்பும் ஸ்பீக்கர்களை அலமாரியிலிருந்து இறக்குங்கள். ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன டிரைவர்) காது உயரத்தில், பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் உங்கள் நாற்காலி. டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம், எதிர்ச்சுவரில் கனத்த திரை. நம் கான்கிரீட் கூடங்களில் இது தருகிற தெளிவை எந்த ஆம்பும் தராது.

கேள்வி: டிவியை ஆம்பில் இணைத்ததிலிருந்து 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஆம்ப் போய்விட்டதா?
- வாசகி, திருச்சி

பதில்: வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் அதே அளவு இரைந்தால் ஆம்பின் ஃபில்டர் கப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். குறைந்தால், வெளியிலிருந்து வருகிறது. செட்டாப் பாக்ஸில் ஏறும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் சுற்றுதான் காரணம், அதாவது கேபிள் வழியாகவும் பிளக் வழியாகவும் இரண்டு எர்த் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது. டிவியில் ஆப்டிகல் அவுட் (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) இருந்தால் அந்த டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் சின்ன டிஏசி ஒன்று வாங்கி அது வழியாகக் கொடுங்கள், டிவியின் ஆடியோ செட்டிங்கில் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். உயிருக்கே ஆபத்து, செய்யாதீர்கள்.

கேள்வி: மீட்டர் 2,000 ரூபாய் ஸ்பீக்கர் வயர் போட்டால் வித்தியாசம் தெரியுமா?
- வாசகர், கோவை

பதில்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். 4 ஓம் என்றால் 2.5. செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள். அலுமினியமானால், நுனியைச் சுரண்டும்போது உள்ளே வெள்ளை தெரியும்.