பலகையில் எந்த எண்?

கேள்வி: லித்துவேனியாவில் யூத அகதிகளுக்கு விசா கொடுத்த ஜப்பானியத் தூதர் சுகிஹாரா 6,000 பேரைக் காப்பாற்றினார் என்று ஓரிடத்தில் படித்தேன், இன்னோரிடத்தில் 2,139 என்கிறார்கள். அவருக்கு நினைவுப் பலகை வைக்கும் குழு எதைப் பொறிப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2,139 என்பது பெயர்களின் எண்ணிக்கை. லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் தாம் வழங்கிய விசாக்களைச் சுகிஹாராவே பட்டியலிட்டு 1941இல் வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து வந்தது அது. ஒரே விசாவில் மனைவி மக்களும் போகலாம் என்பதால், அதைப் பெருக்கிச் சொன்ன மதிப்பீடு 6,000. ஆனால் விசா வாங்கியும் புறப்பட முடியாமல் சிக்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பட்டியலில் யூதரல்லாதவர்களும் இருந்தார்கள். எனவே ‘காப்பாற்றினார்’ என்ற வினையோடு எந்த எண்ணைச் சேர்த்தாலும் யாராவது கேள்வி கேட்பார்கள். ‘வழங்கினார்’ என்று எழுதிவிட்டால் ‘இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்கள்’ அசையாமல் நிற்கும். எண்ணைப் பற்றிச் சண்டை வரும் குழுக்களில் பெரும்பாலும் கோளாறு வினைச்சொல்லில்தான் இருக்கும்.

கால வழுவையும் கவனியுங்கள். ‘விஷவாயு அறைகளிலிருந்து மீட்டார்’ என்று உணர்ச்சியோடு எழுதிவிடுவார்கள். அந்த விசாக்கள் 1940 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு உரியவை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் போலந்திலிருந்து ஓடிவந்த அகதிகள். லித்துவேனியாவில் படுகொலை தொடங்கியது 1941 ஜூனில், ஜெர்மன் படை நுழைந்த பிறகு.

‘தனி ஒருவராக’ என்பதும் வேண்டாம். அவர் கொடுத்தது டிரான்சிட் விசா, அதாவது ஜப்பான் வழியாகக் கடந்து போக மட்டும் அனுமதி. கடைசியாகப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்தான் அது செல்லும். கரீபியன் கடலில் டச்சு ஆட்சியில் இருந்த குராசோ தீவுக்குப் போக விசா தேவையில்லை என்று பாஸ்போர்ட்டில் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் டச்சு கௌரவத் தூதர் யான் ஸ்வார்ட்டென்டைக். அங்கே இறங்கத் தீவின் ஆளுநரின் அனுமதி வேண்டும் என்ற வரியை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். யூதர்களைக் காத்தவர்களுக்கு இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் தரும் கௌரவம் சுகிஹாராவுக்கு 1984இல் கிடைத்தது, இவருக்கு 1997இல்தான். பலகையில் அவருக்கு ஒரு வரி கொடுப்பது நியாயம்.

கேள்வி: ‘அரசின் கட்டளையை மீறி’, ‘அதனால் பதவி இழந்தார்’ என்றெல்லாம் எழுதலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலாவதைத் திருத்தி எழுதலாம். போதிய பணமும் சேருமிடத்துக்கான அனுமதியும் உள்ளவர்களுக்கு மட்டுமே விசா என்பது அமைச்சகத்தின் நிபந்தனை. அவர் அதைத் தளர்த்தினார். ‘அமைச்சகத்தின் நிபந்தனைகளைத் தளர்த்தி’ என்றால் போதும். இரண்டாவதை விட்டுவிடுங்கள்: 1947இல் அவர் பணியிழந்தது விசாவுக்கான தண்டனை என்பது குடும்பத்தாரின் நிலை, ஆட்குறைப்பு என்பது அமைச்சகத்தின் நிலை. டோக்கியோவில் வெளியுறவு ஆவணக் காப்பகத்தில் 2000இல் வைத்த பலகை, துணிச்சலான மனிதநேயச் செயல் புரிந்தவர் என்று போற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறது. பாதுகாப்பான வாசகம்தான், ஆனால் என்ன செய்தார் என்று படிப்பவருக்குத் தெரியாது. அந்த அளவுக்குச் சுருக்க வேண்டாம்.

கேள்வி: வாசகம் முடிவானபின் பிழை வராமல் இருக்க என்ன செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: வார்த்த வெண்கலத்தில் ஓர் எழுத்தை மாற்றுவது பெரும்பாடு, பல சமயம் பலகையையே மறுபடி வார்க்க வேண்டியிருக்கும். முதலில் தகவல்களை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆவணத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்; நடையை அப்புறம் பார்க்கலாம். ஒரு மொழிக்கு 40 முதல் 60 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும். மூன்று மீட்டரிலிருந்து படிக்க எழுத்தின் உயரம் 10 மில்லிமீட்டராவது வேண்டும். பல மொழிகள் என்றால் எல்லா மொழி வாசகங்களும் தயாரான பிறகே ஒப்புதல் கொடுங்கள். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதைப் பிறகு மொழிபெயர்த்தால், ‘வழங்கினார்’ மறுபடி ‘காப்பாற்றினார்’ ஆகிவிடும். ஜப்பானிய வழக்கில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ரோமன் எழுத்தில் அதை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் குழப்பமில்லை. கடைசியாக, முழு அளவில் தாளில் அச்சிட்டு, பலகை வரப்போகும் சுவரில் அதே உயரத்தில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். பட்டறைக்குப் போகும் கோப்பு ஒருவர் கையிலிருந்து மட்டுமே போகட்டும்.