'வாங்கடா' பிழையா?

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் தங்களுக்குள் 'எல்லாரும் வாங்கடா', 'ஓடுங்கடி' என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். 'வாங்க' என்ற மரியாதையும் 'டா' என்ற மரியாதைக் குறைவும் ஒரே சொல்லில் வருவது பிழையல்லவா? கண்டித்துத் திருத்திவருகிறேன். நான் செய்வது சரிதானே?
– ஓர் ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: சரியில்லை, அம்மா. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

'வாங்க' என்பதில் நீங்கள் மரியாதையை மட்டும் பார்க்கிறீர்கள். அதில் பன்மையும் இருக்கிறது. தலைமையாசிரியர் ஒருவரை அழைத்தாலும் 'வாருங்கள்', வகுப்பு முழுவதையும் அழைத்தாலும் 'வாருங்கள்'. அழைக்கப்படுவது ஒருவரா பலரா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. உங்கள் மாணவன் 'டா' சேர்த்தவுடன் மரியாதை விலகிப் பன்மை மட்டும் நிற்கிறது. 'வாடா' என்றால் ஒருவன், 'வாங்கடா' என்றால் பலர். எழுத்துத் தமிழ் இரண்டு மூன்று சொற்களில் சொல்வதை அவன் ஒரே சொல்லில் சொல்கிறான். இது இலக்கணம் தெரியாதவன் செய்கிற வேலை அல்ல.

இந்த நெருக்கடி பழையது. 'நீர்' பலரைக் குறித்த சொல்தான். அது ஒருவருக்குத் தரும் மரியாதையாகிவிட்டது. பின்னால் 'நீங்கள்' என்பதும் அதே வழியில் போயிற்று. அதனால்தான் இன்று 'நீங்கள் எல்லாரும்', 'நீங்கள் இரண்டு பேரும்' என்று ஒட்டுப்போட்டுப் பேசுகிறோம். ஆங்கிலத்தின் 'யூ'வுக்கும் இதே கதி நேர்ந்தது. பன்மைக்கென்று அமெரிக்கத் தென்மாநிலத்தார் 'யால்' என்றும், அயர்லாந்தில் பலர் 'யூஸ்' என்றும், பிட்ஸ்பர்க் வட்டாரத்தார் 'யின்ஸ்' என்றும் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள். அவற்றையும் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

ஆண்டாள் தன் தோழியரை எப்படி அழைக்கிறாள்? 'செல்வச் சிறுமீர்காள்'. 'ஈர்' பன்மை, அதன்மேல் 'கள்' இன்னொரு பன்மை. மார்கழியில் அதைப் பாடம் சொல்கிற நாம் 'ஓடுங்கடி' என்கிற சிறுமியின் வாயை அடைக்கலாமா?

உங்கள் கடற்கரையையே கேட்டுப் பாருங்கள். கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். அங்கே 'இழுங்கப்பா' என்ற குரலில் வருகிற 'அப்பா' யாருடைய தகப்பனையும் குறிப்பதில்லை. கயிறு பிடித்த அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்க்கிறது. கீழக்கரைக்குப் போனால் அண்ணன் காக்கா, அக்காள் லாத்தா. பலரை அழைக்கும்போது காக்காமார், லாத்தாமார். உறவுப்பெயரோடு 'மார்' சேர்ந்து, கூட்டத்தில் நிற்கும் அந்நியனையும் வீட்டு மனிதனாக்கிவிடுகிறது. மேடைகளில் கேட்கும் 'அனைவருக்கும் வணக்கம்' என்பதில் இந்த நெருக்கம் எனக்குக் கிடைப்பதில்லை. தேர்வுத் தாளில் 'வாருங்கள்' என்று எழுத வேண்டும் என்பதை நிச்சயம் கற்றுக்கொடுங்கள். திடலில் அவர்கள் கூப்பிடும் குரலில் கைவைக்காதீர்கள்.

நீங்கள் கண்டிக்க வேண்டிய இடம் வேறு. மீசை முளைக்காத முதலாளி வீட்டுப் பையன், தலை நரைத்த கூலியாட்களைப் பார்த்து 'வாங்கடா' என்கிறானே, அதுதான் அநாகரிகம். சொல் அதேதான். ஆனால் அந்த ஆட்கள் அவனைத் திருப்பி 'டா' போட முடியாது. ஒத்த வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்போது அது உரிமை; ஒரு பக்கம் மட்டுமே சொல்ல முடிகிறபோது அது அதிகாரம், பல ஊர்களில் சாதி. உங்கள் வகுப்பிலும் கவனியுங்கள். ஒரு தெருப் பிள்ளைகள் எப்போதும் கூப்பிடுகிறவர்களாகவும், இன்னொரு தெருப் பிள்ளைகள் எப்போதும் ஓடி வருகிறவர்களாகவும் இருக்கிறார்களா? இருந்தால் அந்த நிமிடமே கண்டியுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெற்றோரையும் வரவழைத்துப் பேசுங்கள்.