சட்டக் கல்லூரி நூலகத்தில் பாடப்புத்தகம் தவிர என்ன கிடைக்கும்?

திருச்சியில் சட்டம் படிக்கச் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். முதலில் தீர்ப்புத் தொகுப்புகள் இருக்கும் அலமாரிக்குப் போங்கள், நூலகத்தின் உயிரே அங்கேதான். ‘ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461’ என்று பார்த்தால் மிரள வேண்டாம். ஏ.ஐ.ஆர். என்பது ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ என்ற தீர்ப்புத் தொடர். அதன் 1973-ஆம் ஆண்டுத் தொகுப்பின் உச்ச நீதிமன்றப் பகுதியில் 1461-ஆம் பக்கத்தைத் திருப்பினால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி வழக்கு!

நம் டெல்டாவில் குத்தகைத் தகராறுக்குப் பஞ்சமில்லை. அதற்கான 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தங்களோடு சேர்த்துப் படியுங்கள். பழைய பதிப்பை நம்பி இறங்கவே கூடாது.

இணையத்தில் தீர்ப்புகளையும் சட்டங்களையும் தேடித் தரும் மனுபத்ரா, எஸ்.சி.சி. ஆன்லைன் எல்லாம் கட்டணச் சேவைகள். கல்லூரி சந்தா கட்டியிருந்தால் நூலகரிடம் லாகின் கேளுங்கள், தயங்காதீர்கள். அப்புறம், உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை வெளியிடும் இ-எஸ்.சி.ஆர். இணையதளம் எல்லோருக்கும் இலவசம். 2018 காவிரித் தீர்ப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம்.