கைத்தறி ஆடை பிராண்டின் லோகோ, நிறம், போட்டோஷூட் எல்லாவற்றையும் ஒரே ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிடலாமா?

ஒப்படைக்கலாம். ஆனால் உங்கள் துணி என்ன, அதைக் கட்டுபவர் யார், எதை ஒருபோதும் காட்டக்கூடாது என்ற மூன்றையும் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்படைக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் நாகர்கோவிலில் இருந்துகொண்டு கோரா (வெளுக்காத நூலில் நெய்த) சேலையும் நேரியல் என்ற மேல்துண்டும் இணையத்தில் விற்கப்போவதாகவும், பத்மநாபபுரம், வட்டக்கோட்டை, முட்டம், குலசேகரம் ரப்பர் தோட்டம் ஆகியவற்றில் எங்கே படம் எடுப்பது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு ஏஜென்சி அழகான பிடிஎஃப் ஒன்றை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருக்கும் என்றும், அந்த மயக்கத்தில் இருக்கும்போதே இக்கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். எனக்கும் அப்படி ஒன்று வந்தது.

எங்கள் குடும்பத் தொழில், நாகர்கோவில் வடசேரியில் தறிக்காரர்களிடம் துணி எடுத்து விற்பது. கடை வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வெளியூர் ஏஜென்சி ஒன்றை அமர்த்தினோம். அவர்கள் அனுப்பிய மூட்போர்டின் (பிராண்டின் தோற்றத்துக்கான மாதிரிப் படத் தொகுப்பு) முதல் பக்கத்திலேயே படகுவீடு, கதகளி முகம், வாழையிலை விருந்து. அடுத்த பக்கத்தில் "திருவிதாங்கூர் மரபுத் தோற்றம்" என்ற தலைப்பில், ரவிக்கையின்றி மார்பின் குறுக்கே ஒற்றை முண்டு சுற்றிய பெண்கள். உச்சிக்கொண்டை, கையில் குத்துவிளக்கு, தேய்த்து மெருகேற்றிய வெறும் தோள்கள். "இதுதான் உங்கள் மண்ணின் அழகியல்" என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள்.

அந்த வரியை எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த இந்த மாவட்டத்தில் தோள்மீது துணி போட்டதற்காகப் பெண்கள் சந்தைகளில் அடிபட்டிருக்கிறார்கள். போட்ட துணி கிழித்தெறியப்பட்டிருக்கிறது. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின், சென்னை மாகாண ஆளுநர் டிரெவெலியனின் அழுத்தமும் சேர்ந்து, 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூரின் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற கொக்கி இருந்தது. அந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நிகழ்ச்சி 2023இல் நாகர்கோவிலில் நடந்தபோது தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் ஒரே மேடையில் வந்து பேசினார்கள். என்னிடம் சேலை வாங்குகிறவர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள். அவர்களிடமே வெறும் தோளை "மரபு" என்று காட்டி மேலாடை விற்பது எவ்வளவு பெரிய அறிவீனம் என்பதை விளக்கி ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். "வரலாற்றை இதில் ஏன் கொண்டுவருகிறீர்கள், இது வெறும் ஸ்டைலிங்தானே" என்று பதில் வந்தது. உடையின் கதை இவ்வளவு கனமாக இருக்கும் ஊரில் வெறும் ஸ்டைலிங் என்று ஒன்று கிடையாது. நான் ஏதோ பழைமைவாதி, பெண்களின் தோள் தெரிந்தால் பதறுகிறவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விரும்பி அணிகிறவர் எப்படி வேண்டுமானாலும் அணியட்டும். அன்று கட்டாயமாக இருந்ததை இன்று அழகு என்று சொல்லி, அதை எங்கள் பெயரின் கீழ் அச்சிடுவதைத்தான் நான் மறுத்தேன்.

படகுவீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத்துணியில் கசவுக்கரை (பொன்சரிகைக் கரை) கண்டால் உடனே கேரளம் என்று எழுதிவிடுகிறார்கள். திருவனந்தபுரம் பக்கத்துப் பாலராமபுரம் நெசவின் புகழை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த நெசவே, பாலராமவர்மா மகாராஜா காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து அங்கே குடியேற்றப்பட்ட சாலியர் நெசவாளர்களால் தொடங்கியது என்றுதான் சொல்லப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்றுதான் எங்கள் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்பும் பின்பும் தறிகள் இங்கேதான் இருந்தன, துணியும் இங்கேதான் நெய்யப்பட்டது. கேரளத்தில் இருப்பவர்கள் எங்களைத் தமிழர் என்கிறார்கள், சென்னையில் இருப்பவர்கள் மலையாளி என்கிறார்கள். இரண்டு பக்கமும் எங்கள் துணிக்கு மட்டும் உரிமை கொண்டாட ஆள் இருக்கிறது. உங்கள் பிராண்டின் தோற்றத்தில் இந்த ஊர் தெரிய வேண்டுமானால், அது என்ன ஊர் என்பதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லாமல் விடும் இடத்தை ஏஜென்சி தபால் அட்டைகளால் நிரப்பிவிடும்.

இனி துணிக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான சிக்கல் அங்கேதான். கோரா என்பது வெளுக்காத நூலின் நிறம். வெள்ளையும் அல்ல, மஞ்சளும் அல்ல. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று கருதியே கணக்குப் போடுவதால், வெளிர்நிறத் துணி சட்டகத்தை நிறைக்கும்போது படம் மங்கி அழுக்கேறியதுபோல் வரும். உடனே எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். அப்போது கோரா காகித வெள்ளையாகிவிடும், பாவும் ஊடையும் தெரியாமல் போகும். ஏஜென்சி எடுத்துத் தந்த மாதிரிப் படங்களை, அந்தத் துணியை நெய்த பாட்டாவிடமே செல்பேசியில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கரைப்பக்கம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தவர், "இது நம்ம துணி இல்லியே மக்ளே, மில்லுத் துணில்லா" என்று செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்குகிறவருக்கும் இதே தடுமாற்றம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: படத்தில் வெள்ளையாகப் பார்த்தவர் பார்சலைப் பிரித்ததும் பழைய துணி என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார், இருபக்கத் தபால் செலவும் உங்கள் தலையில்.

ஆகவே புகைப்படக்காரரிடம் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் மாறும்போதெல்லாம் முதல் படத்தில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல்நிற அட்டை) இருக்க வேண்டும். ஒளிமானி சொல்வதைவிட முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தின் அளவை; ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு) கூட்டி எடுத்துவிட்டு, வெளிர்ப்பகுதி விவரமிழந்து வெறும் வெள்ளையாக எரிந்துபோகாமல் இருக்கிறதா என்று ஹிஸ்டோகிராம் என்ற ஒளிப்பரவல் வரைபடத்தில் பார்க்க வேண்டும். எடிட்டிங் நடக்கும்போது அதே சேலையின் ஒரு துண்டு, பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில், கணினித் திரைக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். கடைசியாக எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பில் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளரின் செல்பேசியில் நிறம் வேறாகத் தெரியக்கூடும்.

கசவு இன்னொரு தொல்லை. சரிகை கண்ணாடியைப் போன்றது. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். நேர்வெயிலில் வெள்ளைக் கோடாக எரியும், எதிரில் இருட்டு இருந்தால் கறுத்துப்போகும். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் மற்றப் பளபளப்பைக் குறைத்தாலும் உலோகப் பளபளப்பைத் தணிக்காது. வெயிலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு டபுள் வேட்டியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மறுபக்கம் பெரிய தெர்மாகோல் பலகையைச் சாய்த்து நிறுத்தினால் கசவு பொன்னாக விழுகிறது. ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்து விளக்குகள் வரவழைக்க வேண்டியதில்லை. விளக்குக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், பட்டுக்கும் அடர்நிறத் துணிக்கும் விளக்கு தேவைதான், நான் கோராவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாடல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. எங்களுக்குக் காட்டப்பட்ட மாடல்கள் அனைவரும் வெளிர்நிறத்தினர். காரணம் கேட்டபோது "இந்தத் துணிக்கு அதுதான் எடுக்கும்" என்றார்கள். அதில் ஒரு தொழில்நுட்ப உண்மை ஒளிந்திருக்கிறது: கறுத்த முகமும் வெளிர்த்துணியும் ஒரே சட்டகத்தில் வரும்போது, முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் துணி எரியும், துணிக்கு வைத்தால் முகம் இருளும். அதைச் சரிசெய்வதற்குத்தான் ரிஃப்ளெக்டர் என்ற ஒன்று இருக்கிறது. முகத்தின் பக்கம் ஒரு வெள்ளைப் பலகையைப் பிடிக்க ஆள் வைக்கச் சோம்பல்பட்டு, அந்தச் சோம்பலுக்கு அழகு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலேயே சிலரையும், பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் என் மைனியையும் (மதினி) முறையாகச் சம்பளம் கொடுத்து நிற்க வைத்தோம். தானே கொசுவம் வைத்துத் தினமும் சேலை கட்டுகிறவர் நடக்கும்போது முந்தி விழுகிற விதம், பின்பக்கம் கிளிப் மாட்டி நிற்கும் மாடலிடம் வராது. இன்றும் எங்களிடம் அதிகம் விற்பவை மைனி கட்டியிருக்கும் சேலைகள்தாம். வெளுத்த முகம்தான் விற்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் மகிழ்வேன்.

நீங்கள் கேட்ட இடங்கள். குலசேகரம் ரப்பர் தோட்டம் கண்ணுக்கு அழகாக இருந்தாலும், இலைகளின் ஊடே இறங்கும் வெளிச்சம் பச்சையாக இருப்பதால் கோராவும் முகமும் சேர்ந்து பச்சை படியும். அதை எடிட்டிங்கில் முழுவதும் எடுக்க முடியாது. அடர்நிறச் சட்டைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டத்தில் செம்மணல் மேடான தேரியும் மாலை வெயிலும் சேர்ந்து எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கும். அறிமுகப் படத்துக்கு அருமை, விற்பனைப் பக்கத்துக்கு ஆகாது. வட்டக்கோட்டையின் கருங்கல் சுவர் நிறம் ஏற்றாத சாம்பல் என்பதால் நான்கில் அதுவே சிறந்தது. ஆனால் அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, வணிகப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி பெறாமல் முக்காலியோடு போய் நிற்காதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்துக்கு நடுவில் இருக்கிறது; நிர்வாகமோ கேரளத் தொல்லியல் துறையிடம். நம் வீட்டுமுற்றத்தில் நின்று படம் எடுக்க நாம் திருவனந்தபுரத்துக்கு எழுத வேண்டியிருக்கிறது என்பது என் பழைய மனக்குறை. அதை இங்கே நீட்டவில்லை. உள்ளே இருட்டும் கறுத்த தரையுமாக இருப்பதால் கசவு கறுத்துத்தான் விழும், எனவே பெரிய இழப்பும் இல்லை. நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஓரிடம் புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். தரையில் கிடக்கும் உப்பே ரிஃப்ளெக்டராகி முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் கொடுக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைக் காட்டலாம் என்று யாராவது சொன்னால், காற்றாலைகளை அங்கே எதற்காக நட்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை யோசிக்கச் சொல்லுங்கள்.

லோகோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நெய்த லேபிளில் விரலகலத்திலும், செல்பேசியின் சிறு வட்டத்திலும் படிக்க முடிகிறதா என்பதே சோதனை. தமிழ் எழுத்தில் வைப்பதானால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைபட்டுவிடும். லேபிள் நெய்பவரிடம் மாதிரி வாங்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கசவின் பொன்னிறத்தை லோகோ நிறமாக வைக்காதீர்கள். சாதாரண நான்கு நிற அச்சில் அது கடுகு நிறமாகத்தான் வரும். பெயரை வர்த்தகமுத்திரையாகப் பதிவு செய்துவிடுங்கள்: துணிகளுக்கு 24ஆம் வகுப்பு, ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்களே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டும் அது மாறும். வேறுவிதமாகத்தான் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார்கள். எங்களிடம் நீட்டப்பட்ட தாளிலும் படங்கள் ஏஜென்சிக்கே சொந்தம் என்று இருந்தது. அதை அடித்து, ரா கோப்புகள் (கேமரா பதியும் திருத்தாத மூலக் கோப்புகள்) அனைத்தும் எங்களுக்கு வர வேண்டும் என்று எழுதச் சொன்னபோதுதான் அவர்களோடு எங்கள் உறவு முடிந்தது. எல்லா ஏஜென்சிகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மாடல்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், உறவினராக இருந்தாலும்.

நாள் குறிப்பதைப் பொறுத்தவரை, உங்கள் முதல் பெரிய விற்பனை ஓணத்துக்குத்தான் இருக்கும். ஆவணியில் வெளியிட வேண்டிய படங்களை ஆனியிலேயே எடுத்துவிடுங்கள்; தென்மேற்குப் பருவமழைக்கு இடைப்பட்ட மேகமூட்டமான பகல்தான் கசவுக்கு உகந்த வெளிச்சம். அந்த ஈரக்காற்றில் கஞ்சி போட்ட கோரா சீக்கிரமே தொய்ந்துவிடும் என்பதால், ஒரே சேலையில் இரண்டு உருப்படிகளை எடுத்துக்கொண்டு போய், ஒன்று தேய்ப்பில் இருக்கும்போது மற்றதைக் கட்டிப் படம் எடுங்கள்.