பொதுப் பாதுகாப்பு சார்ந்த ஆய்வுக்கு முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் ‘பொதுப் பாதுகாப்பு’ என்று பெயர் போட்ட உதவித்தொகையாகத் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். நான் ஆய்வு செய்தது சாலை விபத்துகளை. எனக்குச் சோறு போட்டது குற்றவியல் பாடத்தில் எழுதிய நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட்டில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இது 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை. நான் சேர்ந்தபோது 31,000தான். மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் வரும். எங்கள் அலுவலகத்தில் அதைச் செய்ய வேண்டியவர் நீண்ட விடுப்பில் போனதில் மூன்று மாதம் கைமாற்று வாங்கித்தான் மெஸ் பாக்கி கட்டினேன்.

மத்திய உள்துறையின் கீழுள்ள காவல் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியகமும் (பிபிஆர்டி) குற்றவியல், காவல் அறிவியல் ஆய்வுகளுக்கு உதவித்தொகை தருகிறது. தமிழ்நாட்டில் சேர வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் குற்றவியல் துறை உண்டு.

சரி, பணத்தை விடப் பெரிய தலைவலி தரவு. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்றுகிறார்கள். விபத்து எஃப்ஐஆர்களை அள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சம்பவ இடம் என்ற கட்டத்தில் காவல் நிலையத்திலிருந்து திசையும் தூரமும் மட்டும்: ‘கிழக்கே 3 கி.மீ.’ அதை வைத்து வரைபடத்தில் எங்கே புள்ளி வைப்பது? கீழே புகார்தாரர் சொன்னதைப் படித்தால் ‘புளியமரத்துக்கு அருகே’ என்றிருக்கும். நிலையத்துக்கே போய்க் கேட்டேன். ரைட்டர் (நிலைய எழுத்தர்) சிரித்துவிட்டார்: “அந்த மரம் எங்க தம்பி இருக்கு? ரோட்டை அகலப்படுத்தறப்பவே வெட்டிட்டாங்க.”

சாலை விபத்து விவரங்களைப் பதிய சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலி 2021இல் வந்த பிறகு போலீசாரே விபத்து நடந்த இடத்தை ஜிபிஎஸ்ஸோடு பதிகிறார்கள். ஆனால் அந்தத் தரவைப் பெற அனுமதி வேண்டும். எனக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியே ஓராண்டு போய்விட்டது. அதற்குள் ஜேஆர்எஃப் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே, உங்களுக்குத் தரவு தரப்போகிற அலுவலகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்ன அதிகாரி அடுத்த மாதமே மாற்றலாகிப் போகலாம். எனக்கு இரண்டு பேர் போனார்கள்.