யார் முழித்திருந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன். போர் முடிந்தபோது எனக்கு ஆறு வயது. கொஞ்சக் காலமாகக் கதைகள் எழுதிப் பார்க்கிறேன். கடைசியாக எழுதிய கதையில் இரண்டு போராளிகள் வருகிறார்கள். ஒருவன் காயப்படுகிறான், மற்றவன் அவனை முதுகில் சுமந்துகொண்டு இரவு முழுக்க வாவிக் கரையால் நடக்கிறான். விடியும்போது காயப்பட்டவன் இறந்துவிடுகிறான். ரெமார்க்கின் முதல் உலகப் போர் நாவலைப் படித்த பாதிப்பில் எழுதியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் வாசித்த எல்லாரும் "இவர்களுடைய சினேகிதத்தை நம்ப முடியவில்லை" என்கிறார்கள். போர்க் கதையில் அதை நம்பவைப்பது எப்படி? போரைக் காணாத நான் இதையெல்லாம் எழுதலாமா? எதிரெதிர்ப் பக்கத்துச் சிப்பாய்கள் இருவர் கூட்டாளிகளாவதாக ஒரு கதை மனதில் இருக்கிறது, அதை எங்கள் ஆட்கள் ஏற்பார்களா? கதையையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கதையை இணைத்து வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. போடத் தொடங்கினால் வேறு வேலை பார்க்க முடியாது. உங்கள் கடிதம் வந்த அன்று காலை, காணி உறுதி ஒன்றைத் தேடப்போய் 2004ஆம் ஆண்டு டயரி கையில் அகப்பட்டிருந்தது. அதனால்தான் இந்தப் பதில். டயரிக்குப் பிறகு வருகிறேன்.

போரைக் காணாதவன் எழுதலாமா என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865இல். அதைப் பற்றி நாவல் எழுதிய ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871இல். உங்களுக்காவது ஆறு வயது. மூன்றாவது கேள்விக்கும் இதே கதிதான். "எங்கள் ஆட்கள் ஏற்பார்களா" என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறவர் கல்யாண வீட்டுக்கு வாழ்த்துப்பா எழுதலாம். அதற்கும் ஆள் தேவைதான்.

சரி, கதை. பதினான்கு பக்கத்தில் ஒன்பது பக்கம் சுமக்கிறான். வாவிக் கரையில் கண்ணாக் காடும் சேறும் எப்படி இருக்கும் என்று களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா? கையை வீசிக்கொண்டு நடப்பவனே அரை மணித்தியாலத்தில் களைத்துப்போவான். உங்களுடைய ஆள் ஒருவனைச் சுமந்துகொண்டு நடப்பதும் போதாமல் கதைத்துக்கொண்டும் போகிறான். வயிற்றில் காயப்பட்டவன் ஒன்றரைப் பக்கம் அம்மாவைப் பற்றிப் பேசுகிறான், அதுவும் இலக்கணப் பிழை இல்லாமல். ஒரு தடவைகூடத் தண்ணீர் கேட்கவில்லை.

ரெமார்க்கிடம் இருந்து முதுகை எடுத்துக்கொண்டீர்கள். அந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள். காட் என்கிற அந்தச் சிப்பாய்க்குக் காலில்தான் காயம். கதைசொல்லி பவுல் அவனைச் சுமந்துபோகும் வழியில், எங்கிருந்தோ வந்த சின்னச் சிதறல் ஒன்று அவன் தலையில் பட்டுவிடுகிறது. சுமப்பவனுக்குத் தெரியாது. மருத்துவ நிலையத்தில் இறக்கிய பிறகு, அங்கிருந்த ஆள் சொல்லித்தான் தெரிகிறது. சாகிறவனுக்கு ஒரு வசனமும் இல்லை.

அந்தச் சாவு நம்மை ஏன் போட்டு உலுக்குகிறது? வெகு முன்னால், நீங்கள் அவசரமாகத் தாண்டிப்போன ஓர் அத்தியாயத்தில், ஒரு வாத்து இருக்கிறது. இரவில் திருடிக் கொண்டுவந்து ஒரு கொட்டிலில் வைத்துச் சுடுகிறார்கள். சுட்டு முடிய நேரமெடுக்கும், ஆகவே முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவன் அடுப்படியில் உட்கார்ந்து கொழுப்பை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்க, மற்றவன் படுத்துத் தூங்குகிறான். பிறகு இவன் தூங்குகிறான், அவன் இருக்கிறான். இந்தத் தூக்கத்தைப் பார்த்துவிட்ட நமக்கு, பிறகு முதுகில் இருப்பவன் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் முதுகை எடுத்தீர்கள், வாத்தை விட்டுவிட்டீர்கள்.

போர்க் கதை எழுத வருகிற எல்லாரும் சாவைப் பற்றி யோசிக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. துவக்கோடு திரிகிற ஆள் எப்போது படுப்பார், எங்கே படுப்பார், அவர் படுக்கும்போது முழித்திருப்பவர் யார்? சினேகிதம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்தான். என் அப்பாவுக்கு வயல் வட்டையில் ஒரு காவல்கூட்டு இருந்தார். பகலில் இருவருக்கும் வரம்புச் சண்டை, முகம் பார்த்துக் கதைப்பதில்லை. இரவில் யானைக் காவலுக்கு ஒரே பரண். ஒருவர் குறட்டை விட மற்றவர் வெடி கொளுத்துவார். விடிந்ததும் கதைக்காமலே இறங்கி வீட்டுக்கு வருவார்கள். இது எத்தனையோ வருசம் நடந்தது. இதற்குப் பெயர் சினேகிதமா என்று அப்பாவைக் கேட்டிருந்தால் ஏச்சு விழுந்திருக்கும்.

மேடைக்கு மேடை 'எடுக்கவோ கோக்கவோ' என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்களே, அந்தக் கதை நடந்தது அரண்மனையில், சொக்கட்டான் பலகைக்கு முன்னால். போர்க்களத்தில் கர்ணனோடு தேரில் இருந்தவன் துரியோதனன் இல்லை, சல்லியன். நகுல சகாதேவருக்குத் தாய்மாமன். விருந்தில் மயக்கி இந்தப் பக்கம் இழுக்கப்பட்டவன். கர்ணனின் மனத்தை உடைப்பேன் என்று தருமனுக்குச் சொல்லிவிட்டு வந்து கடிவாளத்தைப் பிடித்தவன். சின்ன வயதில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கர்ணன் போர் கூத்துப் பார்த்தேன். விடியப்புறம், மத்தளக்காரருக்கே கண் சொக்குகிற நேரம். நாகாஸ்திரத்தைக் கழுத்துக்கு வைக்காதே, மார்புக்கு வை என்கிறான் சல்லியன். கர்ணன் கேட்கவில்லை. கண்ணன் தேரை அமத்துகிறார், அம்பு முடியோடு போய்விடுகிறது. களரியைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் கர்ணனுக்காக அழுதார்கள். எனக்குச் சல்லியனை நினைத்துத்தான் ஒரு மாதிரியாக இருந்தது. அவன் சொன்னது சரிதானே? ஆனால் காலையிலிருந்து ஏசி ஏசி வந்த வாய் சொல்வதை எந்த வில்லாளி கேட்பான்? நம்பிக்கைத் துரோகம் என்றால் உடனே பணம் வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுப்பது என்று எழுதிவிடுகிறீர்கள். ஒரே தேரில் இருந்துகொண்டு ஒருவன் சொல்லை மற்றவன் எடுக்க முடியாமல் போவதை எழுத ஆளில்லை.

எங்கேயோ போய்விட்டேன். டயரி.

2004 மார்ச் தொடக்கத்தில் புலிகள் இயக்கம் கிழக்கு வேறு வடக்கு வேறு என்று பிளந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏப்ரல் 9, பெரிய வெள்ளி, வெருகல் ஆற்றங்கரையில் ஒரே உடுப்புப் போட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டார்கள். சில நாட்களில் கிழக்கில் இருந்தவர்களை வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். சித்திரை வருசத்தை ஒட்டி, பஸ்ஸிலும் உழவு மெசின் பெட்டியிலும் ஊர் ஊராக வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். ஆண்டு பத்தில் இருக்கும்போது போனவன். வகுப்பு இடாப்பில் அவனுடைய பெயரைச் சிவப்பு மையால் வெட்டியது நான்தான். வெட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

வந்து இரண்டாம் நாள் இரவு வேலிக் கடப்படியில் வந்து நின்றான்.

"சேர், ஒரு உதவி. ரெண்டு மணித்தியாலம் முழிச்சிருப்பீங்களா? நான் கொஞ்சம் படுக்கணும்."

வீட்டில் அம்மா இருக்கிறாவே என்றேன். அம்மா முழித்திருந்தால் அழுகிறாவாம், அந்தச் சத்தத்தில் படுக்க முடியவில்லையாம். திண்ணையில் பாயைப் போட்டுக் கொடுத்தேன். விளக்கை நூர்க்கச் சொன்னான். படுத்தவன் உடனே தூங்கவில்லை, இருட்டுக்குள் கதைத்தான். மூன்று வருசம் ஒரு வன்னிப் பெடியனோடு சென்றிக் காவல் பார்த்தானாம். மணிக்கூடு ஒன்றுதான், அதை முழித்திருப்பவன் கட்டிக்கொள்வது. முறை மாறும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சத்தம் கேட்கும் என்பதால், அவன் வந்து இவனுடைய கால் பெருவிரலை மெல்ல அமத்துவானாம். வேறு யார் தொட்டாலும் திடுக்கிட்டு எழும்புவானாம், அவன் அமத்தினால் மட்டும் சாதாரணமாக முழிப்பு வருமாம். சமாதான காலத்தில் அவனை வன்னிக்கு எடுத்துவிட்டார்கள்.

"வெருகல்ல அக்கரையில அவனும் நிண்டிருப்பான் சேர்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நிண்டிருக்கவும் மாட்டான்" என்றான். அதோடு தூங்கிவிட்டான்.

நான் கதிரையில் கடப்பைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு மணித்தியாலம் பெரிய காரியமா, பரீட்சைத்தாள் திருத்த விடிய விடிய இருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது. முழித்துப் பார்த்தால் அவன் பாயில் இல்லை. சுவரில் முதுகைக் கொடுத்து, கடப்பைப் பார்த்தபடி இருக்கிறான்.

"எப்ப எழும்பின நீ?"

"நீங்க குறட்டை விடத் தொடங்கின உடன." சிரித்தான். "பரவாயில்ல சேர். நீங்க படுங்க, நான் இருக்கன்."

நானும் படுத்தேன், தம்பி. அதைத்தான் இருபது வருசமாக யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தைந்தாவது வயதை எட்டாத பிள்ளை, எத்தனை நாள் தூக்கமில்லாமல் வந்தவன், எனக்குக் காவல் இருக்க, நான் விடியும்வரை நன்றாகத் தூங்கினேன். எழும்பும்போது பாய் சுருட்டிச் சுவரோடு வைத்திருந்தது. அதன் பிறகு அவன் என் வளவுக்கு வரவில்லை. அந்த நாளுக்கு டயரியில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "வெயில். கொப்பி வாங்க ரவுணுக்குப் போக வேண்டும்."

உங்கள் கேள்வி, நம்பவைப்பது எப்படி என்பது. உங்களுடைய இரண்டு பேரும் பதினான்கு பக்கத்தில் ஒரு தடவைகூடக் கண்மூடவில்லை. சுமக்கிற ஒன்பது பக்கத்தையும் கிழித்துப்போடுங்கள், வலிக்கும், பரவாயில்லை. அவர்களைத் தூங்க வையுங்கள், முறை வைத்து. மணிக்கூடு யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவன் மற்றவனை எப்படி எழுப்புகிறான் என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன். கால் பெருவிரலை மட்டும் எடுக்காதீர்கள். அது எனக்கு வேண்டும்.