பார்டர் ஏன் அலைபாய்கிறது?

கேள்வி: இரட்டைக் கட்டிலுக்கு க்வில்ட் (துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். நடுப்பகுதியில் நெருக்கமாகத் தையல் போட்டு முடித்துவிட்டேன். 6 இன்ச் அகலப் பார்டரில் இன்னும் எதுவும் போடவில்லை. தரையில் விரித்தால் நடுப்பகுதி படிந்து கிடக்கிறது. பார்டர் மட்டும் ஃப்ரில் வைத்த மாதிரி எழும்பி நிற்கிறது. பிரித்துத்தான் ஆகவேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். தையல் விழ விழ மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் சேர்ந்து உள்வாங்கும். நடுவில் நெருக்கமான தையல், பார்டரில் ஒன்றுமே இல்லை என்றால் நடுப்பகுதி மட்டும் சுருங்கும். பார்டர் பழைய நீளத்திலேயே நிற்கும். அந்த மிச்சம்தான் அலையாக எழும்புகிறது. ஓரத்தை ஒட்டி ஒரு அளவு, க்வில்ட்டின் நடுவே அதே திசையில் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். ஒரு இன்ச் போல வித்தியாசம் இருந்தால் பார்டரில் போடும் தையலே அதை வாங்கிக்கொள்ளும். இரண்டு இன்ச்சைத் தாண்டினால் பார்டரை இணைக்கும்போதே பிசகு நடந்திருக்கிறது. அப்போது பிரிப்பதுதான் நல்லது. வற்புறுத்தித் தைத்தால் மடிப்பு விழும்.

எந்தத் திசையில் தைக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம். பலரும் பார்டரின் நீளவாக்கில் கோடுகள் போடுகிறார்கள். அது அகலத்தைத்தான் சுருக்கும், நீளத்தைச் சுருக்காது. மிச்சத் துணியை மெஷின் பாதம் முன்னால் தள்ளிக்கொண்டே போய் மூலையில் மடிப்பாகக் கொண்டுவந்து விடும். உங்களுக்குத் தேவை குறுக்குக் கோடுகள். முதலில் பார்டரும் நடுப்பகுதியும் சேரும் தையல் பள்ளத்திலேயே ஒரு சுற்றுத் தையல் ஓட்டி அந்த இடத்தை நிலைப்படுத்துங்கள். பிறகு பார்டரின் சரிபாதியில் ஒரு குறுக்குக் கோடு, அதன் இரு பக்கமும் பாதிக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டே போங்கள். ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போனால் மிச்சமெல்லாம் மறுமுனையில் குவியும். எல்லாக் கோட்டையும் உள்ளிருந்து ஓரத்தை நோக்கியே தைக்க வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்று மாற்றி மாற்றித் தைத்தால் துணி சாய்ந்து இழுபடும். மெஷினில் வாக்கிங் ஃபுட் (மேலடுக்கையும் அடியடுக்கையும் ஒரே சீராக நகர்த்தும் பாதம்) மாட்டி, தையல் நீளத்தை 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வையுங்கள். கோடுகளின் இடைவெளி, நடுப்பகுதியில் நீங்கள் விட்ட இடைவெளி அளவே இருக்கட்டும்.

கேள்வி: பிரித்துத் தைப்பதானால் பார்டருக்கு எவ்வளவு நீளம் வெட்டுவது?

பதில்: நீளமான பட்டையை ஒரு முனையில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதைக் கத்தரிக்கும் பழக்கம்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். துண்டுகள் சேர்த்த மேல்துணியின் ஓரம் எப்போதும் சற்று நெகிழ்ந்தே இருக்கும். அந்த ஓரத்தின் அளவையே பார்டரும் பிடித்துக்கொள்ளும். மேல்துணியைச் சமமான இடத்தில் விரித்து நடுவில் ஒன்று, நடுவுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று அளவு எடுங்கள். கூட்டி மூன்றால் வகுத்த நீளத்துக்கு எதிரெதிர்ப் பார்டர் இரண்டையும் வெட்டுங்கள். இரண்டிலும் பாதி, கால், முக்கால் இடங்களைக் குறித்து, மேல்துணியின் அதே குறிகளோடு பொருத்திக் குண்டூசி குத்துங்கள். எது கொஞ்சம் நீளமோ அது துணியை நகர்த்தும் மெஷின் பல்லின் பக்கம், அதாவது அடியில் இருக்கட்டும். பல் அதை மெல்ல உள்வாங்கும். தையலுக்குக் கால் இன்ச் விட்டால் போதும். இந்த இரண்டையும் தைத்துத் தேய்த்த பிறகே மற்ற இரு பக்கத்துக்கு அளவெடுக்க வேண்டும்.

பட்டையைத் துணியின் கரைக்கு இணையாக, பாவு நூல் ஓடும் வாக்கில் வெட்டுங்கள். ஊடை வாக்கில் வெட்டியது அதிகம் நீளும். துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவுக்குத் தயங்கவே வேண்டாம்.

கேள்வி: பார்டரில் சங்கிலி வடிவம் போட ஆசை. மூலையில் வந்து பாதியில் வெட்டுப்படுகிறது.

பதில்: மூலையிலிருந்து தொடங்குங்கள். நான்கு மூலைக்கும் தனி வடிவம் வரைந்துவிட்டு, இடைப்பட்ட நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டிச் சமபாகமாகப் பிரியுங்கள். இடைவெளி 60 இன்ச் என்றால் 5 இன்ச் கண்ணி 12 சரியாக உட்காரும். 62 இன்ச் என்றாலும் அதே 12 தான்; ஒவ்வொன்றும் அரைக்கால் இன்ச்சை விடச் சற்றே கூடுதலாக நீளும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வெளி ஓரத்தில் முக்கால் இன்ச் வெறுமையாக விடுங்கள். அதில் கால் இன்ச் பைண்டிங்குக்குள் (ஓரத்தை மூடித் தைக்கும் பட்டைக்குள்) போய்விடும். ஒட்டி வரைந்தால் வடிவத்தின் விளிம்பும் சேர்ந்து மறையும்.

கேள்வி: கையால் தைக்கிறேன். ஓரத்துக்கு வந்ததும், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் பிடிக்க மாட்டேன் என்கிறது.

பதில்: பழைய துணியில் ஒரு அடி அகலப் பட்டை எடுத்து, க்வில்ட்டின் ஓரத்தோடு கச்சாத் தையலால் இணையுங்கள். வளையத்தின் ஒரு பாதி அந்தப் பட்டையைக் கவ்வும். ஓரம் வரை ஒரே இறுக்கம் கிடைக்கும். முடிந்ததும் உருவிவிடலாம். வளையமில்லாமல் மடியில் போட்டுத் தைத்தால் ஓரத்தில் மட்டும் தையல் தளர்ந்து தனியாகத் தெரியும்.

கேள்வி: மிஞ்சிய பஞ்சையும் அடித்துணியையும் எப்போது வெட்டுவது?

பதில்: பார்டர் தையல் முழுக்க முடிந்த பிறகு. அதனால்தான் தொடக்கத்திலேயே அவை இரண்டும் நான்கு பக்கமும் 3 அல்லது 4 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும்; கோடுகளை அந்த மிச்சத்தில் கொண்டுபோய் முடித்தால் நூல் முடிச்சு எதுவும் பார்டரில் தெரியாது. மேல்துணியின் விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே நீளத் தையலாக ஒரு சுற்று ஓட்டி, மூலைமட்டம் வைத்து நான்கு மூலையும் சரிபார்த்து வெட்டுங்கள்.